அலைகளும் கரைகளும்: அலைச்சறுக்கு இசையைக் காலப் பாணிகளாகப் பகுத்தல் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் பகுதியில், மலையடிவாரத்தில் கெக் லோக் சி என்னும் பௌத்தக் கோயில் அமைந்துள்ளது. 1890களில் எழத் தொடங்கிய இக்கோயிலின் ஏழடுக்குக் கோபுரம் 1930இல் நிறைவுற்றது. அதன் அடிப்பகுதி சீன மரபிலான எண்கோண அமைப்பு. இடைப்பகுதி தாய்லாந்து மரபைச் சார்ந்தது. உச்சி பர்மிய மரபிலானது. கலை வரலாறு பயின்ற ஒருவர், எழுத்துச் சான்று எதுவும் கிடைக்காத நிலையில் இக்கோபுரத்தைக் காண்பதாகக் கொள்வோம். அடிப்பகுதி ஒரு காலத்தது, இடைப்பகுதி அதற்குப் பிற்பட்டது, உச்சி இன்னும் பிற்பட்டது என்றும், மூன்று ஆட்சிகள் இத்தீவில் அடுத்தடுத்து நிலவின என்றும் அவர் முடிவுகட்டக்கூடும். அம்முடிவு முறையானதாகவே தோன்றும், ஆயினும் பிழையானது. மூன்று பாணிகளும் ஒரே கட்டடத்தில் வேண்டுமென்றே இணைக்கப்பட்டவை. பாணிகள் மூன்று; காலம் ஒன்று.

பாணி வேறுபாடு கால வேறுபாடாகுமா என்னும் இவ்வினா கட்டடக் கலைக்கு மட்டும் உரியதன்று. இசையைக் காலங்களாகப் பகுப்போரும் இதனை எதிர்கொள்ள வேண்டியவராவர். ‘சர்ஃப்’ இசை எனப்படும் அலைச்சறுக்கு இசை 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியக் கடற்கரையில் உருவான மின்கித்தார் இசை. கலை வரலாற்றில் மறுமலர்ச்சிக் காலம், பரோக் காலம் என வகுத்தாற்போல, இவ்விசையையும் முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என வகுப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. இக்கட்டுரை அவ்வகைப்பாட்டை மதிப்பிட முற்படுகிறது. அவ்வகைப்பாடு எங்குப் பயன் தருகிறது, எங்குப் பிழைக்கிறது என்பதையும், அப்பிழை மலேசியத் தமிழர்தம் இசை வரலாற்றை எழுதுவோர்க்கு ஏன் பொருட்டாக வேண்டும் என்பதையும் இது விளக்கும்.

கலை வரலாற்றில் பாணியும் காலமும்

பாணியைக் கொண்டு காலத்தை வரையறுக்கும் முறைக்குத் தமிழகத்திலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேய் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில், கோயில்களின் சிற்றுறுப்புகள் காலந்தோறும் மாறி வந்த வகையை நிரல்படுத்தினார். தூணின் மேல் அமர்ந்து உத்திரத்தைத் தாங்கும் போதிகை அவற்றுள் முதன்மையானது. பல்லவர் காலத்துத் தரங்கப் போதிகை, சோழர் காலத்து வெட்டுப் போதிகை, விசயநகரக் காலத்துப் பூமொட்டுப் போதிகை என அதன் வளர்ச்சி தொடர்கிறது. கல்வெட்டு இல்லாத கோயிலாயினும் போதிகையைக் கண்டு அதன் காலத்தை ஏறத்தாழ உணரலாம் என்னும் நிலை இதனால் ஏற்பட்டது. மேற்கில் வோல்ஃப்லின் 1915இல் மறுமலர்ச்சி, பரோக் ஆகிய இரு பாணிகளையும் ஐந்து இணைக் கருத்துகளால் வேறுபடுத்திக் காட்டியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். பாணியே காலத்தின் கையொப்பம் என்னும் நம்பிக்கை அன்று உறுதியாக இருந்தது.

அந்நம்பிக்கை 1962இல் இருவேறு இடங்களில் வினாவுக்கு உள்ளாயிற்று. பல்லவர் கலையை மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி என வரிசைப்படுத்தி, மாமல்லபுரத்துக் குடைவரைகளையும் ஒற்றைக்கல் இரதங்களையும் கட்டுமானக் கோயிலையும் வெவ்வேறு மன்னர்க்கு உரியனவாகக் கருதுவது வழக்கம். இரா. நாகசாமி அவ்வாண்டில் வெளியிட்ட ஆய்வில், அவை அனைத்தும் இராசசிம்மன் ஒருவனுடைய படைப்புகளே என வாதிட்டார். கல்வெட்டுகளில் காணப்படும் விருதுப் பெயர்கள் அவருக்குச் சான்றாயின. பாணிகள் பலவாக இருப்பது காலங்கள் பல என்பதைக் காட்டவில்லை. பலவகைப் படைப்புகளை விரும்பிய ஒரு மன்னனின் உள்ளத்தையே அது காட்டுகிறது என்பது அவர்தம் கருத்தின் சாரம். அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. அவ்விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை. எனினும், அதன் பின்னர்ப் பாணியை மட்டும் சான்றாகக் காட்டி எவரும் அமைதியுற இயலவில்லை என்பது உண்மை.

அதே 1962இல் அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் ஜார்ஜ் கூப்ளர் ‘காலத்தின் வடிவம்’ என்னும் பொருள்படும் தம் நூலை வெளியிட்டார். பாணிகள் உயிர்கள்போலப் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து, மடிகின்றன என்னும் உவமையை அவர் மறுத்தார். ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு வயதுகள் உண்டு என்பார் அவர். ஒன்று நாட்காட்டி தரும் வயது. மற்றொன்று அப்படைப்பு எந்தத் தொடரில் எத்தனையாவது கண்ணியாக அமைகிறது என்பதால் பெறும் வயது. ஒரே நாளில் தோன்றிய இரு படைப்புகளுள் ஒன்று தன் தொடரின் தொடக்கமாகவும் மற்றொன்று தன் தொடரின் முடிவாகவும் இருக்கலாம். இவ்வேறுபாடு நமக்குப் பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

மூன்று அலைகள்

அலைச்சறுக்கு இசை பற்றிய பொதுவான வரலாறு பின்வருமாறு சொல்லப்படுகிறது. லிங்க் ரே, டுவான் எட்டி ஆகியோர் 1958இல் வெளியிட்ட கித்தார் இசைத்தட்டுகளும், வெஞ்சர்ஸ் குழுவினர் 1960இல் வெளியிட்ட இசைத்தட்டும் முன்னோடிகள். 1961இல் டிக் டேல் தம் கித்தாருடன் பல்போவா நடன அரங்கில் இளைஞர்களைத் திரட்டியதோடு முதல் அலை எழுகிறது. 1963இல் சாண்டேஸ், சர்ஃபாரிஸ் ஆகிய குழுக்களின் இசைத்தட்டுகளோடு அது உச்சத்தை அடைகிறது. 1964இல் பீட்டில்ஸ் முதலிய பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்காவில் நுழைந்ததும் அது தணிகிறது. 1979ஐ ஒட்டி ஜான் அண்ட் தி நைட்ரைடர்ஸ் போன்ற குழுக்களால் இரண்டாம் அலை எழுகிறது. டிக் டேலின் ‘மிஸிர்லூ’ 1994இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலித்ததும் மூன்றாம் அலை பெருகுகிறது.

இவ்வரிசை நினைவில் கொள்வதற்கு எளிது. பழைய இசைத்தட்டு ஒன்றினைக் கையில் எடுப்பவர் அதன் இடத்தை விரைவில் அறியவும் துணைசெய்கிறது. ஆனால் நுணுகி நோக்கும்போது இதன் எல்லைகள் நெகிழ்கின்றன. மூன்றாம் அலையின் தலையாய குழுக்களுள் ஒன்றாகக் கருதப்படும் ‘மேன் ஆர் ஆஸ்ட்ரோ-மேன்?’ 1992இலேயே அலபாமாவில் தோன்றிவிட்டது. அத்திரைப்படம் வெளிவந்தது அதற்கு ஈராண்டுகளுக்குப் பின்னர். படம் அவ்விசைக்குப் புதிய செவிகளைத் தேடித் தந்தது. அலையைத் தோற்றுவித்தது அன்று. புகழின் நாளைப் பிறப்பின் நாளாகக் கொள்வது காலப் பகுப்பில் அடிக்கடி நிகழும் பிழையாகும்.

போதிகை போன்றதோர் அடையாளம்

துப்ரேய்க்குப் போதிகை கிடைத்தாற்போல, இவ்விசைக்கும் ஓர் அடையாளம் தேடப்பட்டது. அது சுருள்கம்பி எதிரொலி. மின்கித்தாரின் ஒலியலையை ஒரு பெட்டியினுள் உள்ள எஃகுச் சுருள்கம்பிகளின் வழியே செலுத்தி, அவற்றின் அதிர்வோடு மீட்டெடுக்கும்போது, நீரில் நனைந்தாற்போன்றதோர் ஒலி பிறக்கிறது. ஃபெண்டர் நிறுவனம் 1961இல் இதற்கெனத் தனிக் கருவியை வெளியிட்டது. இவ்வொலி உண்டெனில் அலைச்சறுக்கு இசை, இல்லையெனில் அன்று எனப் பலர் இன்றும் கருதுகின்றனர்.

இவ்வளவுகோலைக் கொண்டு அளந்தால் முதலில் வெளியே நிற்பது அக்கால எல்லையைத் தொடங்கிவைத்த படைப்பே ஆகும். டிக் டேல் 1961இல் வெளியிட்ட முதல் அலைச்சறுக்கு இசைத்தட்டில் அந்நனைந்த ஒலி இல்லை. அடையாளமே இல்லாத படைப்பு அவ்வகையின் தலைப்பிள்ளையாகப் போற்றப்படுகிறது. இது முரணாகத் தோன்றினும் வியப்புக்குரியதன்று. ஒரு பாணியின் அடையாளம் எனப் பின்னோர் கருதுவது, பெரும்பாலும் அப்பாணியின் நடுப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். தொடங்கியவர் அதனை அறிந்திரார்.

‘மிஸிர்லூ’ இன்னும் ஆழமானதொரு வினாவை எழுப்புகிறது. 1962இல் டிக் டேல் இதனை மின்கித்தாரில் மிகு விரைவில் மீட்டினார். ஆனால் இது கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்கிய பழைய பாடல். 1927இல் கிரேக்க இசைஞர் ஒருவரால் நியூயார்க்கில் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவுசெய்யப்பட்டது. டிக் டேலும் தந்தைவழியில் லெபனான் மரபினர். இப்பாடலின் சுர அமைப்பை நம் செவிகொண்டு கேட்டால் அது நமக்குப் புதிதன்று. ஆரோகண அவரோகணச் சுரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மாயாமாளவகௌளையே ஆகும். கருநாடக இசையில் பதினைந்தாம் மேளகர்த்தாவாக வைத்தெண்ணப்படும் அவ்விராகத்தில்தான் இன்றும் பிள்ளைகள் சரளி வரிசை பயில்கின்றனர். கமகங்களும் நடையும் முற்றிலும் வேறு என்பதால் இரண்டும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. எனினும், 1962இன் கலிபோர்னியாவுக்கே உரியதாகக் கருதப்படும் ஒரு படைப்பில், கருவி ஒரு காலத்தையும் பாடல் மற்றொரு காலத்தையும் சுர அமைப்பு இவையிரண்டினும் மிகப் பழைய காலத்தையும் சேர்ந்தனவாக உள்ளன என்பது தெளிவு. ஆயர் ஈத்தாம் கோபுரம்போலவே இதுவும் அடுக்குகள் உடையது. கூப்ளர் கூறிய இரண்டு வயதுகள்கூட இதற்குப் போதா.

ஒரு கிடைவெட்டு: 1964

காலத்தை நெடுக்காக வெட்டிப் பார்ப்பதே வழக்கம். இனி ஓராண்டினை மட்டும் எடுத்துக்கொண்டு குறுக்காக வெட்டிப் பார்ப்போம். கலிபோர்னியாவில் முதல் அலை தணிந்த ஆண்டாகக் குறிக்கப்படும் 1964 இதற்கு ஏற்றது.

அவ்வாண்டில் சிங்கப்பூர் மலேசியாவின் மாநிலங்களுள் ஒன்றாக இருந்தது. அங்குப் பள்ளி மாணவர்களாக இருந்தபோதே கூடிய குவெஸ்ட்ஸ் குழுவினர், ‘ஷாண்டி’ என்னும் பாடலற்ற கித்தார் இசைத்தட்டை 1964இல் வெளியிட்டனர். அது உள்ளூர்த் தரவரிசையில் முதலிடம் பெற்றது. இவர்களைப் போன்ற இளைஞர்க்கு வழிகாட்டியாக அமைந்தது கலிபோர்னியா அன்று, இலண்டன். கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் 1961இல் சிங்கப்பூருக்கு வந்து நிகழ்ச்சி நடத்தினர். ஷாடோஸ் 1960இல் வெளியிட்ட ‘அப்பாச்சி’ கித்தார் பயின்ற ஒவ்வோர் இளைஞர்க்கும் பாடநூலாயிற்று. ஷாடோஸின் ஒலியில் உள்ளது சுருள்கம்பியின் அதிர்வன்று. ஒரே ஒலியைச் சிறு இடைவெளியில் திரும்ப ஒலிக்கச்செய்யும் எதிரொலிக் கருவியின் விளைவு. கேட்பவர்க்கு இரண்டும் உறவினர்போலத் தோன்றும், வழிமரபு வேறு. ஒலியை மட்டும் நோக்கும் வகைப்பாட்டாளர் நம் நாட்டுக் கித்தார் குழுக்களை ‘அலைச்சறுக்கு இசையின் தூரத்துப் பிந்திய கிளை’ எனக் குறித்துவிடுவார். அவை கிளையும் அல்ல, பிந்தியவையும் அல்ல. அவை தமக்கென ஒரு தொடரின் தொடக்கத்தில் நிற்பவை.

இதற்கு அடுத்து மலாய் மொழியில் ‘பாப் யே யே’ என்னும் இசை வகை பெருகியது. அப்பெயர் பீட்டில்ஸ் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்தது என்பர். ஆனால் அதன் கித்தார் நடை பெரும்பாலும் ஷாடோஸ் குழுவினருடையது. கலிபோர்னிய வரலாற்றில் பீட்டில்ஸ் வருகை கித்தார் இசைக் குழுக்களின் முடிவைக் குறிக்கிறது. அங்கு ஒன்று மற்றொன்றை வெளியேற்றியது. இங்கோ பெயர் ஒன்றிடமிருந்தும் நடை மற்றொன்றிடமிருந்தும் வந்து ஒரே பாடலில் குடியேறின. அங்குப் பகையாக நின்றவை இங்கு உறவாயின. அமெரிக்கக் காலப் பகுப்பினை அவ்வாறே இங்குப் பொருத்தினால் இவ்வுறவு கண்ணுக்குப் புலப்படாது போகும்.

பினாங்கில் 1929இல் பிறந்த பி. ரம்லியைப் பற்றிய வழக்கமான கூற்றும் ஈண்டு எண்ணத்தக்கது. பாப் யே யே வந்ததும் ரம்லியின் காலம் முடிந்தது எனப் பலரும் எழுதுவர். ஆயின் 1964இல் வெளிவந்த ‘தீகா அப்துல்’ திரைப்படத்தில், ‘கித்தாரின் ஒலி’ எனப் பொருள்படும் ‘பூஞி கித்தார்’ என்னும் பாடலை அவரே துள்ளிசையாக அமைத்துப் பாடியுள்ளார். முந்திய காலத்தவர் என முத்திரை குத்தப்பட்டவர், புதிய காலத்தின் பாணியை அது நாடெங்கும் பரவிய அதே நாள்களில் கையாண்டிருக்கிறார். அதனை நகைச்சுவையாகக் கையாண்டார் எனினும், அதன் இலக்கணம் அறியாதவர் அதனை நகையாட இயலாது. ரம்லியின் இறுதி ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்த புறக்கணிப்பு உண்மையே. ஆனால் ‘அவர் காலம் முடிந்தது’ என்னும் தொடர் அப்புறக்கணிப்புக்குக் காரணம் கூறுவதில்லை. காரணம் தேட வேண்டாம் எனச் சொல்லி அதனை மூடிவிடுகிறது.

அதே 1964இல் சென்னையில், ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் மேலை ஆடலிசையின் துள்ளலை அப்படத்தின் இளமைக்கு உரிய குரலாக ஆக்கினர். மறு ஆண்டில் பம்பாயில் உருவான ‘கும்நாம்’ படத்திற்குச் சங்கர்–ஜெய்கிஷன் அமைத்து முகமது ரஃபி பாடிய ஆடற்பாடலில் மின்கித்தார் முன்னே நின்று அதிர்கிறது. 2001இல் ‘கோஸ்ட் வேர்ல்ட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அப்பாடற்காட்சியோடு தொடங்கியபோது, மேலை நாட்டு இளைஞர் பலர் அதனை முதன்முதலாகக் கேட்டனர். ஜப்பானில் 1965இல் வெஞ்சர்ஸ் நிகழ்த்திய பயணத்தை அடுத்து ‘எலெகி’ எனப்பட்ட மின்கித்தார் மோகம் நாடெங்கும் பரவியது.

ஆக, ஒரு கரையில் வடிந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட ஆண்டு, வேறு பல கரைகளில் பெருக்கின் ஆண்டாக இருந்திருக்கிறது. ‘அலை’ என்னும் உவமையின் குறை இங்குதான் உள்ளது. அலையை எண்ணுபவர் ஒரு கரையில் நின்றே எண்ணுகிறார். எந்தக் கரை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார். முதல் அலை, இரண்டாம் அலை என்பன உலகப் பொதுக் காலங்கள் அல்ல. அவை கலிபோர்னியக் கரையின் நாட்குறிப்புகள்.

தமிழ்ப் பாடல் வரலாற்றில் காலப் பெயர்கள்

இவ்வுண்மை அயல்நாட்டு இசை ஒன்றினைப் பற்றியது மட்டுமாயின், தமிழாய்வு இதழ் ஒன்றில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. நம் பாடல் வரலாற்றிலும் இதே குறை வேரூன்றியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கவலை.

தமிழ்ப் பாடல்களைப் பற்றிப் பேசும்போது விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலம், இளையராஜா காலம், ரஹ்மான் காலம் எனப் பகுப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. முன்னவர் இருவரும் 1965இல் பிரிந்தது, 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது, 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தது ஆகியன இக்காலங்களுக்கு எல்லைக் கற்களாகின்றன. சென்னைத் திரையிசையை எழுதுவோர்க்கு இவை பொருந்தும். ஆனால் மலேசியாவில் வாழும் தமிழர் படைத்த இசைக்கும் இவற்றையே பெயராகச் சூட்டும்போது, நாமும் வேறொரு கரையில் நின்று அலை எண்ணுகிறோம்.

இதன் விளைவை இரு சான்றுகளால் காணலாம். 1960களின் இறுதியில் பினாங்கில் உருவான குழு அல்லிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ் உடன்பிறந்தார் இருவர் அதன் முகமாக விளங்கினர். ஹாங்காங் விடுதிகளில் பாடிப் பயின்று திரும்பிய அவர்கள், 1979இல் வெளியிட்ட ‘தெரிமா காசே’ தொகுப்பு முதலாக மலாய்ப் பாடலுலகில் நிலைபெற்றனர், எம். நாசிர் போன்றோர் இசையமைத்த பாடல்களைப் பாடினர். லோகநாதன் 2007இல் மறைந்தார். மலாய்ப் பாடல் வரலாறு இவர்களைப் பாப் யே யே காலத்துக்குப் பிற்பட்டோராக வைத்துப் போற்றுகிறது. தமிழ்ப் பாடல் வரலாற்றிலோ இவர்களை வைக்க அறையே இல்லை. இளையராஜா காலத்தில் வாழ்ந்தனர் என்பது நாட்காட்டியின்படி உண்மை. அதனால் அவர்களைப் பற்றி நாம் அறிந்துகொள்வது ஒன்றுமில்லை. அவர்கள் பாடியது மலாய் மொழியில் என்பது மெய்யே. ஆயினும் பினாங்குத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் கித்தாரைக் கையில் எடுத்தது எவ்வாறு, அவர்கள் எந்த மேடைகளில் எவரோடு நின்று பாடினர் என்பன தமிழர் பண்பாட்டு வரலாற்றின் வினாக்கள் அல்லவோ?

மற்றொன்று, 2006இல் வெளிவந்த யோகி பி அண்ட் நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு. மலேசியத் தமிழரின் சொல்லிசையான இது, தமிழகத்து இளைஞரையும் ஈர்த்தது. இதனை ரஹ்மான் காலத்துப் படைப்பு எனக் குறித்தால் ஆண்டு பிழையாகாது, பொருள் பிழையாகும். அது கோலாலம்பூர் இளைஞர்களின் ஆங்கிலச் சொல்லிசைத் தொடரில் வந்த தமிழ்க் கண்ணி. தொடரை விட்டு நாட்காட்டியை மட்டும் பற்றிக்கொண்டால் படைப்பு தன் வேரை இழக்கிறது.

இலங்கைத் தமிழர் இவ்வகையில் நம்மினும் விழிப்போடு இருந்தனர் எனலாம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்களுக்கு அவர்கள் ‘பொப் இசை’ எனத் தனிப்பெயர் இட்டனர். சிங்களவரிடையே வழங்கிய பைலா இசையின் சாயலும் கித்தாரும் கலந்த அப்பாடல்களைச் சென்னைத் திரையிசையின் எந்தக் காலத்திலும் அவர்கள் அடைக்கவில்லை. தனிப்பெயர் இருந்ததால் தனி நினைவும் நிலைத்தது. பெயரிடப்படாதவை விரைவில் மறக்கப்படுகின்றன.

நிலமும் பொழுதும்

இக்குறையை நீக்கும் வழியைத் தேடுகையில் தமிழ்ப் பொருளிலக்கணம் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியம் முதற்பொருள் எனக் கொள்வது காலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் இணைந்தே முதற்பொருளாகின்றன. யாழும் பறையும் கருப்பொருளில் அடங்குகின்றன. அதாவது கருவியும் இசையும் நிலத்தையும் பொழுதையும் அடுத்து வைத்து எண்ணப்படுகின்றன. ஒரு திணைக்குரிய ஒழுக்கம் பிறிதொரு திணையில் வந்து மயங்கலாம். நிலம் மட்டும் மயங்காது என்பதும் அந்நூலின் கொள்கை. தொல்காப்பியர் மின்கித்தாருக்கு இலக்கணம் வகுத்தார் எனக் கூறுவது நம் நோக்கமன்று; அவ்வாறு பழமையில் அனைத்தையும் காணும் ஆர்வம் ஆய்வுக்குத் துணையாகாது. பொழுதை நிலத்திலிருந்து பிரித்து எண்ணாத ஒரு வகைப்பாட்டு மரபு நம்மிடம் உண்டு என்பதே இங்குச் சுட்டப்படுவது.

அதன்படி நோக்கின், கித்தார் நடை கலிபோர்னியாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து நம்மிடையே மயங்கலாம். ஆனால் அது ஒலித்த நிலம் மலாயா என்பது மாறாது. ஆகவே ஒரு பாடலைப் பற்றிக் குறிப்பெழுதும் ஆசிரியரும் மாணவரும் நான்கு செய்திகளைத் தனித்தனியே பதிவுசெய்வது நலம். முதலாவது, அது இசைக்கப்பட்ட நாள். இரண்டாவது, இசைக்கப்பட்ட இடம். திருமண மண்டபமா, தோட்டத்துத் திடலா, நகர விடுதியா, வானொலி நிலையமா என்பது. மூன்றாவது, கருவிகளும் அவற்றின் ஒலியும். நான்காவது, அவ்விசைஞர் யாரைக் கேட்டுப் பயின்றார் என்னும் வழிமரபு. இந்நான்கும் திரண்ட பின்னரே காலப்பெயர் சூட்டுதல் வேண்டும். பெயரை முதலில் எழுதிவிட்டால், ஏனைய நான்கையும் எவரும் வினவுவதில்லை. வினவாது விட்டவை வினவத்தக்க முதியோரோடு மறைந்துபோகின்றன.

காலப் பகுப்பு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. துப்ரேயின் போதிகை வரிசை இன்றும் களப்பணியாளர்க்குக் கைவிளக்காக உள்ளது. கைவிளக்கு வழியைக் காட்டும். ஊரின் பெயரைச் சொல்லாது. நாகசாமியின் மறுப்பு அவ்விளக்கை அணைக்கவில்லை. அதன் ஒளி எட்டாத இடங்கள் உள எனக் காட்டியது. அலைச்சறுக்கு இசையின் மூன்று அலைகளையும் அவ்வளவிலேயே ஏற்கலாம். அவை ஒரு கரையின் வரலாறாக நிற்கும்வரை பயனுடையன. எல்லாக் கரைகளுக்கும் உரிய வரலாறாக விரியும்போது, பிற கரைகளைப் பிந்தியவை எனத் தாழ்த்தும் கருவியாகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பாணி வேறுபாடு தன்னளவில் கால வேறுபாட்டுக்குச் சான்றாகாது. ஒரு காலத்தின் அடையாளமாகக் கொள்ளப்படும் கூறு அக்காலத்தைத் தொடங்கிய படைப்பிலேயே இல்லாமற்போகலாம். ஓரிடத்தில் முடிவாகக் குறிக்கப்படும் ஆண்டு மற்றோரிடத்தில் தொடக்கமாகலாம். மலேசியத் தமிழர்தம் இசையைச் சென்னைத் திரையிசையின் காலப்பெயர்களால் மட்டும் அளப்பது, அதன் பெரும்பகுதியை வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிடும்.

1960களில் இந்நாட்டின் நகரங்களில் கித்தார் பயின்ற தமிழ் இளைஞருள் இன்று நம்மிடையே இருப்போர் எண்பதை அணுகியவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய வினா, ‘நீங்கள் எந்தக் காலத்தவர்?’ என்பதன்று. ‘எங்கே, எவரோடு, எதனைக் கேட்டு வாசித்தீர்கள்?’ என்பதே. ஆயர் ஈத்தாம் கோபுரத்தின் மூன்று பாணிகளையும் ஒரே காலத்தனவாக நாம் இன்று அறிவது, அதன் கட்டுமான வரலாறு எழுதி வைக்கப்பட்டிருப்பதால்தான். எழுதி வைக்கப்படாத இசைக்கு அந்த வாய்ப்பும் இல்லை.